புதுசா அசெம்பிள் பண்ண சிஸ்டம் ஆன் ஆகல, ஃபேன் அரை செகண்ட் சுத்தி நின்னுடுது, யாராவது பாத்து சொல்லுங்க

மலைக்கோட்டை_தம்பி
வெள்ளி, இரவு 11:52

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு நாளா சரியா தூங்கல, எழுத்துப்பிழை இருந்தா மன்னிச்சுக்கங்க. முதல் தடவையா சொந்தமா ஒரு சிஸ்டம் அசெம்பிள் பண்ணேன், வீடியோ எல்லாம் பாத்து நோட்ல எழுதி வெச்சுக்கிட்டு ராத்திரி ஒம்போது மணிக்கு உக்காந்தவன் ரெண்டு மணிக்குத்தான் எழுந்தேன், எல்லாம் மாட்டி முடிச்சு சாமியை கும்பிட்டு பட்டனை அமுக்கினா ப்ராசசர் ஃபேன் கால் சுத்து சுத்துது, ஒரு அரை செகண்ட் இருக்கும், டக்குனு நின்னுடுது. பீப் சத்தம் இல்ல, லைட் இல்ல, மானிட்டர்ல சிக்னல் இல்லைன்னு வருது. மறுபடி பட்டனை அமுக்கினா அந்த கால் சுத்து கூட கிடையாது, கல்லு மாதிரி கிடக்கு. செவுத்து ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணி ஒரு நிமிஷம் விட்டு திரும்ப போட்டு அமுக்கினா மறுபடி அதே அரை செகண்ட். இப்படி ஒரு பதினஞ்சு தடவை பண்ணிருப்பேன்.

என்ன என்ன போட்டிருக்கேன்னா: ரைசன் 5 5600, பாக்ஸ்ல வந்த கூலர்தான். பி550 மதர்போர்டு, பெரிய சைஸ் ஏடிஎக்ஸ். டிடிஆர்4 3200 ராம் 8 ஜிபி ரெண்டு. 500 ஜிபி என்விஎம்இ (ஹார்ட் டிஸ்க்குக்கு பதிலா போர்டுலயே சொருகற டிஸ்க்). 550 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி), சீல் பிரிக்காம புதுசு. கிராபிக்ஸ் கார்டு மட்டும் செகண்ட் ஹேண்ட், 1660 சூப்பர், ஃப்ரெண்டு அவன் சிஸ்டத்துல கேம் ஓட்டி காட்டிட்டு கண் முன்னாடி கழட்டிக் குடுத்தான், அதுனால அது நல்லா இருக்குன்னு தெரியும். கேபினட் வாங்க காசு மிச்சம் இல்ல, சித்தப்பா முன்னாடி ப்ரௌசிங் சென்டர் வெச்சிருந்தப்ப வாங்கின பழைய கருப்பு கேபினட் மாடியில கிடந்துச்சு, உள்ள ஜி41 போர்டு ஒண்ணு இருந்துச்சு, அதை கழட்டி எடுத்துட்டு, தூசி தட்டி, மூலையில ரெண்டு பல்லி முட்டை வேற இருந்துச்சு அதையும் எடுத்துப் போட்டுட்டு புது போர்டை மாட்டினேன். போர்டுல ஒம்போது ஓட்டை இருக்கு, அதுல ஆறுக்குத்தான் ஸ்க்ரூ போட முடிஞ்சுது, கீழ வரிசை மூணு ஓட்டைக்கு நேரா ஒண்ணும் இல்ல, ஆறு போதும்னு விட்டுட்டேன், ஆடல அசையல.

நான் செக் பண்ணது: எஸ்எம்பிஎஸ்ல இருந்து வர்ற 24 பின் பவர் கேபிளை அழுத்தி மாட்டிருக்கேன், மேல ப்ராசசர் பக்கத்துல 8 பின்னும் மாட்டிருக்கேன், கார்டுக்கு 8 பின் தனியா போகுது. ராமை கழட்டி ரப்பர் போட்டு தேச்சு மாட்டிட்டேன். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கினது, கடைக்காரருக்கு போன் பண்ணா "எஸ்எம்பிஎஸ் போயிருக்கும் தம்பி, எடுத்துட்டு வாங்க பாக்கலாம்"ங்கறார். திருச்சியில இருந்து அதை தூக்கிட்டு மறுபடி போகணுமா, இல்ல இங்கேயே வேற எஸ்எம்பிஎஸ் ஒண்ணு வாங்கி மாட்டிப் பாக்கலாமா? கையில நாலாயிரம்தான் இருக்கு. அப்பா வேற "கடையிலேயே மாட்டிக் குடுங்கன்னு சொல்லிருக்கலாம்ல"னு காலையில இருந்து மூணு தடவை சொல்லிட்டார்.


வெட்டிப்பேச்சு
வெள்ளி, இரவு 11:58

அப்பா சொல்றது கரெக்ட். எஸ்எம்பிஎஸ் பின்னாடி குட்டி ஸ்விட்ச் இருக்கும், அதை ஆன் பண்ணிருக்கியா? சிரிக்காத, பாதி கேஸ் அதான்.


ஸ்க்ரூடிரைவர்_சாமி
சனி, காலை 6:20

தம்பி, பின்னாடி ஸ்விட்ச் ஆஃப்ல இருந்தா கால் சுத்து கூட சுத்தாது, அதை விட்டுருங்க. நான் மதுரையில பதினெட்டு வருஷமா இந்த வேலைதான் பாக்கறேன், மொத விஷயம், நாலாயிரத்தை எடுக்காதீங்க. கேபினட்டை தொறந்து கூட பாக்காம போன்லயே எஸ்எம்பிஎஸ் போயிருக்கும்னு யார் சொன்னாலும் அதை காதுல வாங்காதீங்க.

நீங்க எழுதினதுலயே நல்ல க்ளூ ஒண்ணு இருக்கு. ஒரு தடவை உதறிட்டு நிக்குது, அப்புறம் மெயின் ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணி எடுத்தாத்தான் மறுபடி உதறுதுன்னு சொன்னீங்கல்ல, அது எஸ்எம்பிஎஸ் தன்னைத்தானே பூட்டிக்கிறது. எங்கயோ ஷார்ட் ஆகுது, இல்ல அளவுக்கு மீறி கரண்ட் இழுக்குது, அதைப் பாத்ததும் எஸ்எம்பிஎஸ் கட் பண்ணிட்டு கதவை சாத்திக்குது. பெரும்பாலும் கரண்ட்டை முழுசா எடுத்து, உள்ள இருக்கற சார்ஜ் இறங்கினாத்தான் கதவு திறக்கும். அப்போ உங்க எஸ்எம்பிஎஸ் கெட்டுப்போனதுக்கு அடையாளம் இது இல்ல, ஒழுங்கா காவல் காக்குதுங்கறதுக்குத்தான் அடையாளமா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. புதுசு வாங்கி மாட்டினா அதுவும் இதையேதான் பண்ணும்.

ராம் சரியா உக்காரலன்னா ஃபேன் சுத்திக்கிட்டேதான் இருக்கும், டிஸ்ப்ளே மட்டும் வராது. மேல 8 பின் மாட்ட மறந்தாலும் முக்காவாசி அப்படித்தான். பயாஸ் (ஆன் பண்ணதும் மொதல்ல ஓடற, போர்டுலயே இருக்கற சாஃப்ட்வேர்) பழசா இருந்து ப்ராசசரை தெரியலன்னாலும் ஃபேன் சுத்தும். பவர் பட்டன் உள்ள போய் மாட்டிக்கிட்டு வெளிய வரலைன்னா நாலு அஞ்சு செகண்ட் ஓடிட்டு ஆஃப் ஆகும், ஏன்னா பட்டனை நாலு செகண்ட் அமுக்கிப் பிடிச்சா ஆஃப் ஆகணும்னுதான் செஞ்சிருக்காங்க. உங்களுது அரை செகண்ட். அதுனால ராமை தேய்க்கறதை நிறுத்துங்க, அது பாவம்.

இப்ப செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. போர்டை கேபினட்டை விட்டு வெளிய எடுங்க. போர்டு வந்த அட்டைப்பெட்டி இருக்கும்ல, அது மேல வைங்க, அந்த வெள்ளி கலர் கவர் மேல வைக்காதீங்க, சில கவர் மேல்பக்கம் கரண்ட் கடத்தும். கிராபிக்ஸ் கார்டு வேணாம், என்விஎம்இ வேணாம், கேபினட்ல இருந்து வர்ற பவர் ஸ்விட்ச், யூஎஸ்பி, ஆடியோ வயர் ஒண்ணு கூட வேணாம். ப்ராசசர், கூலர், ஒரே ஒரு ராம், அதுவும் ப்ராசசர்ல இருந்து எண்ணினா ரெண்டாவது ஸ்லாட்ல. 24 பின், 8 பின். ஆன் பண்றதுக்கு பட்டன் வேணாம், போர்டோட கீழ் மூலையில பவர் ஸ்விட்ச் மாட்டற ரெண்டு பின் இருக்கும், மேனுவல்ல படம் போட்டிருப்பான், அந்த ரெண்டையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால ஒரு தடவை தொட்டு எடுங்க. அஞ்சு வோல்ட்டுக்கு மேல அங்க கிடையாது, பயப்படாதீங்க, பக்கத்து பின்னை மட்டும் தொட்டுடாதீங்க. ஃபேன் நிக்காம சுத்துதா, டிஸ்ப்ளே வருதான்னு பாத்து சொல்லுங்க.

இன்னொண்ணு. எஸ்எம்பிஎஸ் கேபிள் எல்லாம் பெட்டியில வந்ததுதானே? பழைய எஸ்எம்பிஎஸ் கேபிள் எதையும் கழட்டி புதுசுல சொருகலையே? கழட்டி மாட்டற மாடலா இருந்தா எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில எந்த பின்ல எந்த வோல்ட்ங்கறது கம்பெனிக்கு கம்பெனி மாறும், சொருகினா பொருந்தும், ஆனா புகைஞ்சிரும். போன மாசம் கூட ஒருத்தர் மூணு ஹார்ட் டிஸ்க்கை அப்படி கருக்கிட்டு வந்து என் டேபிள் மேல வெச்சார்.


பனையோலை
சனி, காலை 7:45

தம்பி, எனக்கும் போன வருசம் உப்பிடித்தான் நடந்தது, யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். நானும் பவர் சப்ளைதான் பிழையெண்டு நினைச்சு ஆரோ ஒருத்தரிட்ட கடன் வாங்கி மாத்திப் பாத்தன், அதிலயும் அப்பிடித்தான் வெட்டிச்சுது. கடைசியில பாத்தால் பின்னால வாற தகரம் இருக்கெல்லோ, யூஎஸ்பி, லான் ஓட்டையெல்லாம் வெட்டின தகடு, அதின்ர நாக்கு ஒண்டு மடிஞ்சு யூஎஸ்பி ஓட்டைக்குள்ள பூந்து நிண்டது. போர்டை உள்ள தள்ளேக்க கவனிக்கேல்ல. நீங்கள் கழட்டேக்க டோர்ச் அடிச்சு அந்த ஓட்டையளை ஒருக்கா எட்டிப் பாருங்கோ. பழைய கேபினட் எண்டால் முன்பக்க யூஎஸ்பி வயரும் தனித்தனி முனையா வரும், ஒரு பின் தள்ளிச் சொருகினாலே காணும்.


மலைக்கோட்டை_தம்பி
சனி, காலை 9:10

சாமி அண்ணா, ரொம்ப நன்றி, படிச்சதும் பாதி உயிர் வந்துச்சு. கேபிள் எல்லாம் எஸ்எம்பிஎஸ்ஸோடயே ஒட்டி வந்தது, கழட்டற மாடல் இல்ல. பனையோலை அண்ணா, டார்ச் அடிச்சு பாத்தேன், தகடு ஒழுங்காத்தான் இருக்கு, நாக்கு எல்லாம் வெளிய நிக்குது. முன்னாடி யூஎஸ்பி நீங்க சொன்ன மாதிரி குட்டி குட்டியா நாலு வயர், அதை நான் மாட்டவே இல்ல, தொங்குது. ஸ்பீக்கர் வயர் மட்டும் மாட்டினேன்.

இன்னைக்கு ஷிஃப்ட் இருக்கு, சாயந்தரம் வந்துதான் கழட்ட முடியும். அதுக்குள்ள ஒரு சந்தேகம், எஸ்எம்பிஎஸ்ஸை தனியா ஆன் பண்ணி செக் பண்ணலாம், ஒரு பேப்பர் க்ளிப் போதும்னு ஒரு வீடியோவுல பாத்தேன், அது பண்ணலாமா? அப்புறம் இதுக்கு சம்பந்தம் இருக்கான்னு தெரியல, கேபினட்ல பெயின்ட் உரிஞ்ச இடத்தை தொட்டா கையில சுர்ருன்னு எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. செருப்பு போட்டா தெரியல.


எர்த்_கம்பி
சனி, காலை 9:40

சம்பந்தம் இருக்கோ இல்லையோ, அந்த சுர்ருக்கு மொதல்ல பதில் சொல்லிடறேன், நான் எலக்ட்ரீசியன். உங்க பிளக் பாயிண்ட்ல எர்த் இல்ல, இல்லைன்னா மூணு பின் பிளக்கை ரெண்டு பின் ஆக்கற அடாப்டர் போட்டிருக்கீங்க, சரியா? எஸ்எம்பிஎஸ் உள்ள ஃபில்டருக்குன்னு ஃபேஸ்ல இருந்து பாடிக்கு ஒரு கெபாசிட்டர், நியூட்ரல்ல இருந்து பாடிக்கு ஒரு கெபாசிட்டர் வெச்சிருப்பாங்க. எர்த் இருந்தா அதுல கசியறது எர்த்துல இறங்கிரும். எர்த் இல்லைன்னா பாடி நடுவுல தொங்கும், 230ல பாதி, நூத்திச் சொச்சம் வோல்ட் மீட்டர்ல காட்டும். கரண்ட் ரொம்ப கம்மி, அதான் தூக்கி அடிக்காம ஊருது. ஆனா அப்படியே விட்டுட்டு ஈரக் கையோட தொடற வேலை வேணாம், எச்டிஎம்ஐ சொருகறப்ப மானிட்டருக்கும் அடி விழலாம். எர்த் இருக்கற பாயிண்ட்ல மாட்டிட்டு அப்புறம் மத்ததை பாருங்க.

பேப்பர் க்ளிப் பத்தி. 24 பின் கனெக்டர்ல பச்சை வயரையும் பக்கத்து கருப்பையும் சேத்தா எஸ்எம்பிஎஸ் ஆன் ஆகும், உண்மைதான், பச்சை வந்து 16ஆம் பின். ஆனா இப்ப வர்ற எஸ்எம்பிஎஸ்ல எல்லா வயரும் கருப்பா இருக்கும், எண்ணத் தெரியாம வேற பின்னுல சொருகிடாதீங்க. அதோட ஃபேன் சுத்தினா எஸ்எம்பிஎஸ் உயிரோட இருக்குன்னு தெரியுமே தவிர லோடு தாங்குமான்னு தெரியாது. சில மாடல்ல லோடு இல்லைன்னா ஃபேனே சுத்தாது, நல்லா இருக்கற எஸ்எம்பிஎஸ்ஸை செத்துப்போச்சுன்னு நினைச்சிருவீங்க. சாமி சொன்ன மாதிரி போர்டை வெளிய வெச்சுப் பாக்கறதுதான் சரியான வழி.


மலைக்கோட்டை_தம்பி
சனி, இரவு 9:35

எர்த்_கம்பி அண்ணா, ரெண்டு பின் அடாப்டர்தான் போட்டிருந்தேன், எப்படி கண்டுபிடிச்சீங்கன்னு தெரியல. ஃப்ரிட்ஜ் பாயிண்ட்ல எர்த் இருக்கு, எக்ஸ்டென்ஷன் இழுத்து மாட்டிட்டேன், சுர்ரு போச்சு.

இப்ப முக்கியமான விஷயம். சாப்பாட்டு மேசையை காலி பண்ணி (அம்மா தோசைக்கல்லோட நிக்கறாங்க), அட்டைப்பெட்டி மேல போர்டை வெச்சு, சாமி அண்ணா சொன்னபடியே ஒரு ராம், ரெண்டு கேபிள், வேற ஒண்ணும் இல்ல. கை நடுங்கிட்டே ஸ்க்ரூடிரைவரை ரெண்டு பின்னுல வெச்சேன். ஓடுது!!! ஃபேன் நிக்காம சுத்துது, ரெண்டு நிமிஷம் ஓட விட்டேன். அப்பாவை கூப்பிட்டு காட்டினேன்.

ஆனா டிஸ்ப்ளே வரல. மானிட்டர்ல எச்டிஎம்ஐ சிக்னல் இல்லைங்குது. போர்டு ஓரத்துல நாலு குட்டி லைட் இருக்கு, சிபியு, டிராம், விஜிஏ, பூட்னு எழுதியிருக்கு, மொத ரெண்டும் வந்து வந்து போயிட்டு விஜிஏல வெள்ளையா நின்னுடுச்சு. ராமை மாத்தி மாத்தி போட்டுட்டேன், அதேதான். போர்டு போயிருச்சா? திரும்ப வயித்தை கலக்குது.


கோவைக்காரி
சனி, இரவு 9:50

போர்டுக்கு ஒண்ணும் ஆகலீங்க, நல்லா இருக்கு. மானிட்டர் கேபிளை எங்க சொருகிருக்கீங்க, போர்டு பின்னாடி இருக்கற எச்டிஎம்ஐலதானே? உங்க ப்ராசசர் 5600. கடைசியில ஜி போட்ட 5600ஜிலதான் டிஸ்ப்ளே உள்ளயே வரும், வெறும் 5600ல கிடையாது, போர்டுல இருக்கற எச்டிஎம்ஐ ஓட்டை உங்களுக்கு வெறும் அலங்காரம்ங்க. சாமி அண்ணா இன்டெல் கை பழக்கத்துல டிஸ்ப்ளே வருதா பாருன்னு சொல்லிட்டார் போல, அண்ணா கோச்சுக்காதீங்க.

விஜிஏல நிக்குதுன்னா சந்தோஷப்படுங்க. ப்ராசசர் பாஸ், ராம் பாஸ், டிஸ்ப்ளே கார்டை தேடறான் கிடைக்கல, அவ்வளவுதான். கார்டை சொருகி, அதுக்கு 8 பின் குடுத்து, கேபிளை கார்டுல மாட்டுங்க. மேசை மேலயேங்க, கேபினட்டுக்குள்ள இன்னும் போக வேணாம். கார்டு பளுவுல ஸ்லாட் வளையாம ஒரு கையால தாங்கிக்கங்க.


ஸ்க்ரூடிரைவர்_சாமி
சனி, இரவு 10:05

கோச்சுக்க என்னம்மா இருக்கு, என் தப்புதான். கடைக்கு வர்றது முக்காவாசி ஆபீஸ் மெஷின், எல்லாத்துலயும் போர்டுலயே டிஸ்ப்ளே இருக்கும், வாய் தானா சொல்லிருச்சு.


மலைக்கோட்டை_தம்பி
சனி, இரவு 11:30

வந்துருச்சு வந்துருச்சு. கார்டுல மாட்டின உடனே பயாஸ் ஸ்க்ரீன் வந்துச்சு, ப்ராசசர் பேர் காட்டுது, ரெண்டு ராமும் 16 ஜிபி காட்டுது, என்விஎம்இயும் மாட்டிப் பாத்தேன், அதுவும் தெரியுது. கோவைக்காரி அக்கா நீங்க தெய்வம்.

ஆனா கதை முடியல. ஒரு மணி நேரம் பொறுமையா கேபினட்டுக்குள்ள மாட்டி, வயர் எல்லாம் கட்டி, எர்த் பாயிண்ட்லதான் சொருகி அமுக்கினா அதே அரை செகண்ட். அதே உதறல். மேசை மேல ஓடினது உள்ள போனா செத்துடுது. பவர் ஸ்விட்ச் வயரை கழட்டிட்டு ஸ்க்ரூடிரைவர் வெச்சும் பாத்தேன், அதேதான். கேபினட்டுக்கு ஏதாவது சாபம் இருக்கா.


வெட்டிப்பேச்சு
சனி, இரவு 11:41

பல்லி முட்டையை தூக்கிப் போட்ட பாவம். கேபினட் இல்லாம செவுத்துல ஆணி அடிச்சு மாட்டிரு.


கோவைக்காரி
ஞாயிறு, காலை 8:15

மறுபடி மறுபடி ஆன் பண்ணிப் பாக்காதீங்க, கையை எடுத்துருங்க. எஸ்எம்பிஎஸ் எத்தனை தடவை காப்பாத்தும்னு யாரும் எழுதிக் குடுக்கல.

காலையில காப்பி குடிச்சுக்கிட்டே உங்க மொத போஸ்ட்டை திரும்ப படிச்சேன். "ஒம்போது ஓட்டை, ஆறுக்குத்தான் ஸ்க்ரூ போட முடிஞ்சுது, கீழ வரிசை மூணுக்கு நேரா ஒண்ணும் இல்ல"ன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, நாங்க யாருமே அதை கவனிக்கலீங்க. அந்த கேபினட்ல முன்னாடி இருந்தது ப்ரௌசிங் சென்டர் ஜி41 போர்டு, அது சின்ன சைஸ், மைக்ரோ ஏடிஎக்ஸ், உயரமும் அகலமும் 244 மில்லிமீட்டர் வரைக்கும் போகும். நீங்க போட்டது ஏடிஎக்ஸ், அகலம் அதே 244, ஆனா உயரம் 305. ரெண்டுக்கும் மேல ஆறு ஓட்டை ஒரே இடத்துல வரும், அதான் உங்களுக்கு ஆறு ஸ்க்ரூ ஒழுங்கா இறங்கிருக்கு. கீழ் வரிசை மூணு மட்டும் இடம் மாறும். சின்ன போர்டோட கீழ் வரிசை எங்க முடியுதோ, அங்க பெரிய போர்டுக்கு ஓட்டையே கிடையாது.

இப்ப யோசிங்க. பழைய போர்டை ஒம்போது ஸ்டாண்ட்ஆஃப் (போர்டு தகரத்துல படாம தூக்கி நிறுத்தற குட்டித் தூண், அதுலதான் ஸ்க்ரூ இறங்கும்) வெச்சு மாட்டிருந்தா, அதுல ஆறு உங்களுக்கு உதவிருச்சு. மீதி மூணு எங்க போச்சு? எங்கயும் போகல, உங்க போர்டுக்கு அடியிலதான் நிக்குது. பித்தளையில குட்டியா, ஆறு பட்டையா, போர்டு முதுகுல ஈயப்பத்த குத்தி நேரா கேபினட் தகரத்தோட ஷார்ட். கார்டு சொருகற பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் பின்னாடி அந்த இடத்துலதான் வருது, அதுல 12 வோல்ட்டும் ஓடுது 3.3 வோல்ட்டும் ஓடுது. அட்டைப்பெட்டி மேல ஓடுது, தகரத்து மேல செத்துடுதுன்னா வேற காரணம் தேட வேணாம்.

போர்டை எடுத்துட்டு கேபினட் உள்தகட்டை பாருங்க. கீழ் ஓரத்துல இருந்து மூணு நாலு விரல் மேல, படுக்கை வரிசையா மூணு பித்தளை நிக்குதான்னு சொல்லுங்க. போர்டை திருப்பி முதுகுலயும் பாருங்க, வட்டமா தேஞ்ச தடம் இருக்கும்.


ஸ்க்ரூடிரைவர்_சாமி
ஞாயிறு, காலை 8:40

யம்மா, பதினெட்டு வருஷம்னு பீத்திக்கிட்டேன், அந்த ஆறு ஸ்க்ரூ வரியை தாண்டிப் போயிட்டேன். ஷார்ட்னு சொன்னவன் எங்க ஷார்ட்னு பாக்கலை. தம்பி, இதேதான், எழுதி வெச்சுக்கங்க. கழட்டறப்ப நோஸ் பிளேயர் வெச்சு திருகுங்க, பழசு, துரு பிடிச்சு இறுகியிருக்கும். கையால வரலைன்னு வெட்டிடாதீங்க, பித்தளைத்தூள் போர்டுல விழுந்தா அது இன்னொரு கதை.


மலைக்கோட்டை_தம்பி
ஞாயிறு, மதியம் 1:20

மூணு இருந்துச்சுங்க. அப்படியே வரிசையா நிக்குது. இத்தனை நாள் நான் அதை கேபினட்டோட சேத்து செஞ்சதுன்னு நினைச்சுட்டேன், மேல கருப்பு தூசி படிஞ்சு பித்தளைன்னே தெரியல, விரல் நகத்தால சுரண்டினா மஞ்சளா மின்னுது.

போர்டை திருப்பி ஜன்னல்கிட்ட கொண்டுபோய் வெளிச்சத்துல பாத்தேன். நடுவுல நின்னது ஒண்ணும் பண்ணல, சும்மா பச்சக்னு ஒரு தடம். ஓரத்துல நின்னதுதான், பெரிய ஸ்லாட்டோட பின் எல்லாம் முதுகுல முள்ளு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்குல்ல, அதுல ரெண்டு முள்ளு நுனி தட்டையா நசுங்கி, சுத்தி அரை வட்டமா ஒரு தேய்ப்பு. மூணு ராத்திரி என் உசுரை எடுத்தது அந்த அரிசி அளவு இடம். கரிஞ்ச வாசனை இல்ல, கருப்பும் இல்ல. அப்பா பூதக்கண்ணாடி எடுத்துட்டு வந்து பாத்துட்டு "அட ஆமாடா"ன்னார், அதுக்கப்புறம் கடையில மாட்டிருக்கலாம்னு சொல்றதை விட்டுட்டார்.

கழட்டறதுதான் கஷ்டம், ஒண்ணு வந்துருச்சு, மத்த ரெண்டும் அசையவே இல்ல, தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு அரை மணி நேரம் கழிச்சு திருகினா வந்துச்சு, நல்லா துடைச்சுட்டேன். அந்த மூணையே எடுத்து கீழ் வரிசையில ஏடிஎக்ஸுக்குன்னு இருக்கற ஓட்டையில போட்டேன், கேபினட்ல அந்த ஓட்டை எல்லாம் முன்னாடியே போட்டு வெச்சிருக்கான், பக்கத்துல ஒரு எழுத்து கூட குத்திருக்கு, நான்தான் பாக்கல. இப்ப ஒம்போது ஸ்க்ரூவும் உக்காந்துச்சு.

பட்டனை அமுக்கினேன். ஓடிட்டு இருக்கு. விண்டோஸ் ஏறிட்டு இருக்கறப்பதான் இதை போன்ல டைப் பண்றேன். கடைக்காரருக்கு போன் பண்ணி எஸ்எம்பிஎஸ் நல்லாத்தான் இருக்குன்னு சொன்னேன், "அதான் தம்பி நானும் நினைச்சேன்"ங்கறார்.

ஒரே ஒரு கேள்வி, திட்டாதீங்க. ராம் பெட்டியில 3200னு போட்டிருக்கு, பயாஸ்ல 2400னு காட்டுது. டூப்ளிகேட் குடுத்துட்டாங்களா?


பனையோலை
ஞாயிறு, மதியம் 1:34

சந்தோசம் தம்பி. என்ர தகட்டு நாக்கும் உங்கட பித்தளையும் ஒரே சாதிதான்.


கோவைக்காரி
ஞாயிறு, மதியம் 1:50

டூப்ளிகேட் எல்லாம் இல்லீங்க. மொத தடவை ஆன் ஆகறப்ப இந்த மாதிரி ராம் பெரும்பாலும் பத்திரமா குறைஞ்ச ஸ்பீடுலதான் ஓடும், 2133, 2400, 2666னு ஏதாவது காட்டும். பயாஸ்ல ராமை பெட்டியில போட்ட ஸ்பீடுக்கு ஏத்தற எக்ஸ்எம்பின்னு ஒரு ஆப்ஷன், சில போர்டுல டிஓசிபின்னு இருக்கும், அதை ஆன் பண்ணி சேவ் பண்ணிட்டு வெளிய வாங்க. ரெண்டு ராமும் ரெண்டாவது, நாலாவது ஸ்லாட்லதானே இருக்கு? மாத்தி விட்டதும் ஒரு தடவை ஸ்க்ரீன் கொஞ்ச நேரம் கருப்பா இருக்கும், டிராம் லைட் எரியும், ராமை பழகிட்டு இருக்குன்னு அர்த்தம். பயந்து போய் பட்டனை அமுக்கிடாதீங்க, ரெண்டு நிமிஷம் விடுங்க.


வெட்டிப்பேச்சு
ஞாயிறு, மதியம் 2:02

பல்லிகிட்ட மன்னிப்பு கேட்டியா?


மலைக்கோட்டை_தம்பி
ஞாயிறு, மதியம் 2:25

கருப்பா இருந்த அந்த ஒரு நிமிஷம் கையை ரெண்டையும் தொடைக்கு அடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன் அக்கா. 3200 வந்துருச்சு. அம்மா மேசையை கேக்கறாங்க, போறேன்.